பருமலில் அறைந்த செப்புத் தகடு

சென்ற மாதம் பணிமனையிலிருந்து உதவிப் பொறியாளர் கவிதா தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பின்னர் அங்கே பணிக்கு வந்தவர். ஒருமுறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். பழைய மரப்படகுகளைக் கழித்துவிட்டார்கள் என்றும், அலுமினியக் கம்பங்கள் பொருத்திய புதிய படகுகள் வந்துவிட்டன என்றும் சொன்னார். பழைய ஆய்வுப் பதிவேடுகளை எடுத்து அடுக்கும்போது ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

“சார், உங்க கையெழுத்துல எல்லா வரிக்கும் அடியில பென்சில் தெரியுது. மொதல்ல பென்சில்ல எழுதி, அது மேலயே பேனாவுல எழுதியிருக்கீங்க. ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல ஒரே ஒரு வரி மட்டும் நேரா பேனா. அதான், கேக்கலாமேன்னு...”

“எந்த வரி?” என்று கேட்டேன். எந்த வரி என்பதை அவர் படிக்குமுன்பே அறிவேன்.

“‘நாரை’ படகின் பருமல் முறிந்தமைக்கு மரம் காரணமன்று. நான் அறைந்த தகடே காரணம்.”

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தியன்று, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவருக்காக எழுதத் தொடங்கியது இது. அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவர்களுக்கும் பயன்படுமானால் நல்லது.

பருமல் என்பது பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் நீண்ட கழி. பாய்மரம் நட்ட இடத்தில் நின்றுவிடும். பருமலோ பாயைச் சுமந்துகொண்டு ஏறும், இறங்கும், காற்றுக்குத் தக்கபடி திரும்பும். அதை ஏற்றி இறக்கும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். பருமலில் ஆஞ்சான் கட்டியிருக்கும் இடத்தில்தான் பாரம் முழுவதும் தங்குகிறது. கயிறு உரசி மரம் தேய்வதும் அங்கேதான். என் பணிக்காலத்தின் பெரும்பிழை அந்த ஓர் இடத்தில், இருபத்திரண்டு அங்குல நீளத்திற்குள், அடங்கிவிடுகிறது.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு மரவேலை கற்றேன். பணிமனையில் ஓராண்டு பழகுநராக இருந்தேன். அதன்பின் கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் இருந்த அந்த அரசுப் பணிமனையிலேயே தச்சராக, மூத்த தச்சராக, இறுதியில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தேன். செம்மண்டலத்திலிருந்து மிதிவண்டியில் போய்வந்தேன். இவற்றில் சொல்லத்தக்க சிறப்பு ஏதுமில்லை.

‘நாரை’ எங்கள் பராமரிப்பில் இருந்த படகுகளுள் மூத்தது. சிதம்பரத்துக் கல்லூரியொன்றில் கடலியல் பயிலும் மாணவர்களை அதில் ஏற்றி வெள்ளாற்று முகத்துவாரத்தில் பழக்குவார்கள். ஒற்றைப் பாய்மரம், ஒரே பாய், பதினெட்டடிப் பருமல். அதன் ஓட்டுநர் தங்கராசு பரங்கிப்பேட்டைக்காரர். படகைப் பற்றிப் பேசும்போது வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்படகுக்குப் புதுப் பருமல் வேண்டியிருந்தது. செய்து தந்தவர் சவரிமுத்து. முதுநகரில் சொந்தப் பட்டறை வைத்திருந்த தச்சர். எங்கள் அலுவலகத்தின் ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் பல்லாண்டுகளாக இருந்தது. மலைப்புன்னையில் நேராக வளர்ந்த ஒரே மரத்தைப் பிளந்து இரண்டு நீளங்களாக வாங்கி வந்திருந்தார். ஒன்று பருமலுக்கு; மற்றது அவர் பட்டறைக் கூரையடியில் கிடந்தது.

வேலை நடந்த நாட்களில் நாள்தோறும் போய்ப் பார்த்தேன். மரத்தை முதலில் நாற்பட்டையாகச் செதுக்கினார். மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்கினார், பின்பு பதினாறு. அதற்குப் பின்னரே இழைப்புளியை எடுத்தார். ஆஞ்சான் கட்டும் இடத்தில் ஐந்து அங்குலக் கனம்; அங்கிருந்து இரு முனைகளையும் நோக்கி மெல்ல மெலிந்து செல்லவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஓர் அளவு உண்டு. நான் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், மரத்துல கணுவ எண்றியா, என் தலையில நரைய எண்றியா?” என்றார் சவரிமுத்து. உறவில்லை, பழகிய பழக்கத்தில் என்னை அப்படித்தான் அழைப்பார்.

“ரெண்டையும் எண்ணித்தான் ரிப்போர்ட்டு எழுதணும்.”

“கணுவ எண்ணிக்க. நரைய எண்ணாத, ஜாஸ்தி ஆயிப் போச்சு. ஆளையே தள்ளுபடி பண்ணிடுவ.”

வெளிறு சிறிதுமின்றி வைரம் பாய்ந்த மரம். கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் தட்டும்போது கணீரென்று ஒலிக்கும். உள்ளே கேடிருந்தால் ஒலி அமுங்கிவிடும். பதினெட்டடியும் ஒரே ஒலி. ஏற்றுக்கொண்டு எழுதினேன்.

எழுதிய முறையைச் சொல்லவேண்டும். எங்கள் செயற்பொறியாளர் கலியமூர்த்தி சிதம்பரத்தில் அமர்ந்திருந்தார். குரலை உயர்த்தாதவர், யாரையும் புகழவும் மாட்டார். எவர் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: “அளந்துட்டு சொல்றீங்களா, பாத்துட்டு சொல்றீங்களா?” பார்த்ததைச் சொன்னால் கேட்டுக்கொள்வார், அளந்ததைச் சொன்னால் குறித்துக்கொள்வார். ஆய்வுப் பதிவேட்டுக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். எதையும் முதலில் பென்சிலால் எழுதவேண்டும். மறுநாள் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதே பொருளிடம் திரும்பச் சென்று, எழுதியது சரியா என்று பார்த்த பின்னரே அதன்மேல் பேனாவால் எழுதவேண்டும். முதல்நாள் கண்ணுக்குத் தப்பியது மறுநாள் தப்பாது என்பது அவர் கணக்கு. முதலில் முணுமுணுத்தோம். பிறகு பழகிவிட்டது. கவிதா கண்ட பென்சில் தடங்கள் இவைதாம்.

அவ்வாண்டு இறுதியில் ஆழிப்பேரலை வந்தது. ‘நாரை’யைக் கரைமேல் தூக்கி எறிந்துவிட்டுப் போனது. எங்கள் பகுதியில் மனிதர்களுக்கு நேர்ந்ததை ஒப்பிட்டால் ஒரு படகின் கதை பொருட்டன்று. ஆதலால் அதைப் பற்றி மிகுதியாக எழுதவில்லை. பருமல் முறியவில்லை. ஆஞ்சான் கட்டும் இடத்தில் தோலுறை கிழிந்து, மரத்தின் மேற்பரப்பில் சிராய்ப்பு மட்டும் ஏற்பட்டிருந்தது.

தோலுறை என்பது பழைய வழக்கம். கயிறு உரசும் இடத்தில் மாட்டுத்தோலைச் சுற்றி, மீன் எண்ணெய் ஊட்டி, வாரால் தைத்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் பருமலை இறக்கித் தோலை அவிழ்ப்பார்கள். மரத்தை நிழலில் உலர்த்தி, எண்ணெய் பூசி, மறுபடியும் தோலைத் தைப்பார்கள். படகொன்றுக்கு இரண்டு நாள் வேலை. தோல் நாறும், எலி கடிக்கும். பேரலைக்குப் பின் பணிமனை வாசலில் பழுதுபார்க்க வேண்டிய படகுகள் வரிசையாகக் கிடந்தன. கைகளோ போதவில்லை. அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்த ஒரு வழி கண்டேன். தோலுக்கு மாற்றாகச் செப்புத் தகட்டைச் சுற்றிச் செப்பாணிகளால் அறைந்தேன். நீர் புகாதிருக்க இரு விளிம்புகளையும் தாரிட்டு அடைத்தேன். பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்தது.

கலியமூர்த்தி வந்து பார்த்தார். தகட்டின்மேல் விரலை ஓட்டினார். “இது எத்தன வருசம் தாங்கும்?” என்றார்.

“மரம் இருக்கிற வரைக்கும், சார்.”

“அளந்துட்டு...” என்று தொடங்கியவர் அன்று ஏனோ நிறுத்திக்கொண்டார். அவருக்கும் கைகள் போதவில்லை. மற்ற நான்கு படகுகளுக்கும் இம்முறையே பின்பற்றப்படவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. என் பெயர் அதில் இருந்தது. அதன் படியொன்றை வீட்டில் வைத்திருந்தேன்.

அதன்பின் தைமாதம்தோறும் பருமலைத் தட்டி ஆய்ந்தேன். தகட்டருகே வந்ததும் கொட்டாப்புளியைத் தூக்கி, தகட்டைக் கடந்து, அப்பால் வைத்துத் தொடர்ந்தேன். செம்பின்மேல் தட்டினால் செம்பின் ஒலிதானே கேட்கும் என்பது என் எண்ணம். ‘நன்று’ என்று பென்சிலால் எழுதினேன். மறுநாளும் போய் அதே இடத்தை அதேபோல் கடந்துவிட்டுப் பேனாவால் எழுதினேன். ஐந்து ஆண்டுகள்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்குமுன், முகத்துவாரத்தில் மாணவர்களுடன் சென்றபோது பருமல் முறிந்தது. பாயோடு விழுந்த பாதிக்கழி தங்கராசுவின் தோளில் இறங்கிக் காறையெலும்பை உடைத்தது. மாணவர் எவருக்கும் காயமில்லை. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். நான் அப்போது விடுப்பில் பண்ருட்டியில் உறவினர் வீட்டில் இருந்தேன். எனக்கு மாற்றாக இருந்தவர் முறிந்த முனையைப் பார்த்து, உள்ளே உளுத்திருந்ததைக் கண்டு, ‘வழங்கியவர் தந்த மரம் தரமற்றது’ என்று பதிவேட்டில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். நான் திரும்பிய நாளில் கலியமூர்த்தி தொலைபேசியில் அழைத்தார்.

“ஒடஞ்ச மரத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேன், சார்.”

கொட்டகை வாசலில் நின்று பார்த்திருந்தேன். ஒரு பக்கம் கிழிந்திருந்தும் தகடு இரண்டு துண்டுகளையும் இன்னும் சேர்த்துப் பிடித்திருந்தது. கயிற்றால் கட்டி மூலையில் சார்த்தியிருந்தார்கள். அருகில் போகவில்லை. இன்னொருவரின் பென்சில் எழுத்தின்மேல் என் பேனாவை ஓட்டினேன். ஒப்பந்தப் பட்டியலிலிருந்து சவரிமுத்துவின் பெயர் அடிக்கப்பட்டது. நான் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் வந்து கேட்கவில்லை. முதுநகர்க் கடைத்தெருவில் ஓரிருமுறை எதிர்ப்பட்டபோது அவர் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

சவுக்குக் கழியொன்றைத் தற்காலிகமாகப் பூட்டி ஓராண்டுக்குமேல் ஓட்டினோம். அது காய்ந்து முறுக்கிக்கொண்டது. முறையான பருமல் செய்து பூட்டும்படி ஆணை வந்தபோது இரண்டாயிரத்துப் பதினொன்று முடியும் தறுவாய். அந்த ஆண்டின் கடைசி நாட்களில்தான் தானே புயல் கரையேறியது. எனக்கு மே மாத இறுதியில் ஓய்வு.

புயலுக்குப் பின் எங்கள் மாவட்டத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. பலாவும் முந்திரியும் புன்னையும் வேரோடு கிடந்தன. பண்ருட்டியில் ஒரு மரக்கடைக்காரர் தம் முற்றத்தைக் கையால் சுற்றிக் காட்டினார்.

“எது வேணும் சொல்லுங்க. புயலே வெட்டிக் குடுத்துட்டுப் போயிருக்குது. நம்ம வேல அறுக்கிறது மட்டுந்தான்.”

“காஞ்சது வேணும்.”

“காஞ்சதா? அடுத்த புயலுக்கு வாங்க, இது காஞ்சிருக்கும்.”

ஒவ்வொரு கடையிலும் பெருவிரல் கனத்தில் ஒரு வில்லை அறுத்து வாங்கினேன். கல்லூரி ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கிய தராசில் நிறுத்து, வெயிலில் உலர்த்தி, நாள்தோறும் நிறுத்தேன். நிறை குறைவது நின்றால்தான் மரம் உலர்ந்தது என்று பொருள். ஒரு வில்லையிலும் அது நிற்கவில்லை. ஈரமரத்தில் பருமல் செய்தால் ஆறு மாதத்தில் அது வில்லாக வளையும். குறிஞ்சிப்பாடி வரை போய்வந்தும் பதினெட்டடிக்கு உலர்ந்த மரம் கிடைக்கவில்லை.

வில்லைகளை நிறுத்துக்கொண்டிருந்த இடத்திற்குத் தங்கராசு வந்தார். தோள் கூடிவிட்டது, கையை மட்டும் முழுமையாக மேலே தூக்க இயலாது.

“ஊரெல்லாம் தேடுறீங்க. அந்தப் பருமலோட கூடப் பொறந்தது சவரிமுத்து பட்டறையில அப்பிடியே கெடக்குது. அங்க மட்டும் போவ மாட்றீங்க” என்றார்.

மறுநாள் காலை போனேன். பட்டறைக் கூரையில் பாதி ஓடு இல்லை, தார்ப்பாய் கட்டியிருந்தார். உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். பாய்மரம் செதுக்கிய கை.

“வாங்க, சார்” என்றார். எழவில்லை.

“என்ன சவரிமுத்து, சார்ங்கற?”

“ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்க. ஆபீஸுக்கு ஆவாதவன் வேற எப்பிடிக் கூப்புடுறது?”

“மரம் வேணும். பதினெட்டடி.”

“எங்கிட்ட இருக்கிறது கெட்ட மரம், சார். உங்க கையாலயே எழுதிக் குடுத்திருக்கீங்க. எங்க சர்ச்சுப் பங்குச் சாமியாரு கோயில் கதவு செய்யச் சொல்லியிருந்தாரு. சேதி போனதும் வேற ஆள வச்சிக்கிட்டாரு. ‘மனசுல வச்சிக்காத சவரிமுத்து, ஊருல பேசறாங்க’ன்னாரு. சாமியாருகிட்ட என்னன்னு சண்ட போடுறது?”

 அவர் எழுந்து, கூரையடியில் கிடந்த மரத்தின்மேலிருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு குத்தூசியை என் கையில் கொடுத்தார்.

“எங்க வேணா குத்துங்க. இதுவும் அதுவும் ஒரே மரம். எட்டு வருசமாக் கெடக்குது. கூரை ஒழுகி, பாதி நாளு மழையிலதான் கெடந்துது.”

குத்தினேன். ஓர் அரிசி ஆழத்துக்குமேல் ஊசி இறங்கவில்லை. இடம் மாற்றிக் குத்தினேன். கைதான் வலித்தது.

“போதுமா, சார்?” என்றார். “இது கெட்ட மரமா?”

அங்கிருந்து நேரே பணிமனைக்கு வந்தேன். கொட்டகையின் கூரையைப் புயல் கொண்டுபோயிருந்தது. பழைய பருமல் துண்டுகள் வெயிலில் கிடந்தன. உட்கார்ந்து தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நான் அறைந்தவை, நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அறைந்திருந்தேன். கழற்ற நெடுநேரம் ஆயிற்று. தகட்டை விரித்தபோது உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழுப்பு நிறத்தில் சிறுசிறு கட்டிகள். விரலால் தொட்டதும் உதிர்ந்தன. தகட்டின் எல்லைக்கு அப்பால் இரு பக்கமும் குத்தூசி இறங்கவில்லை.

நடந்தது தெளிவாக விளங்கியது. மரத்தைக் கெடுப்பது கடல்நீரன்று, மழைநீர். உப்பு மரத்தைக் காக்கும். ஓட்டமில்லாத நாட்களில் பருமலைப் படகின் நீளவாட்டில் கிடத்தி, ஒரு முனையை முகப்பிலுள்ள முன்னணியத்தின்மேல் உயர்த்தி வைப்பது வழக்கம். மேல்விளிம்பில் நான் பூசிய தார் வெயிலில் வெடித்துவிட்டது. கீழ்விளிம்புத் தார் நிழலில் இருந்ததால் வெடிக்கவில்லை. சாய்ந்த கழியில் வழிந்த மழைநீர் மேலே புகுந்து, கீழே வெளியேற வழியின்றித் தங்கியது. ஆணித்துளைகள் அதை வைரத்தின் உள்ளே கொண்டுசென்றன. தோலாயிருந்தால் தையில் அவிழ்த்திருப்பார்கள், முதலாண்டிலேயே தெரிந்திருக்கும். தகட்டை அவிழ்க்கவேண்டாம் என்பதுதானே அதன் சிறப்பு என்று நான் சொல்லியிருந்தேன்.

அளந்தேன். தகடு இருபத்திரண்டு அங்குலம். கேடும் இருபத்திரண்டு அங்குலம்.

பதிவேட்டையும் தகட்டையும் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினேன். முட்லூர் வரும்வரை எப்படித் தொடங்குவது என்று எண்ணிக்கொண்டு வந்தேன். கலியமூர்த்தியின் மேசையில் தகட்டை வைத்ததும் தொடங்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் அதைப் புரட்டி, உட்புறத்தில் ஒட்டியிருந்த பழுப்புத் தூளைப் பார்த்தார்.

“அளந்துட்டு சொல்றீங்களா, பாத்துட்டு சொல்றீங்களா?”

“அளந்துட்டேன், சார்.” அளவுகளைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். சவரிமுத்துவிடம் மரம் இருப்பதையும், பெயர் அடிக்கப்பட்டிருக்கும்வரை அதை வாங்க இயலாது என்பதையும் சொன்னேன்.

 “மே மாசம் ரிட்டயர்டு, இல்ல?”

“ஆமா, சார்.”

“இப்ப இத எழுதுனா விசாரண வரும். உங்க பென்ஷன் ஃபைலு நிக்கும். எனக்கும் கேள்வி வரும்; அந்த சர்க்குலர்ல கையெழுத்துப் போட்டவன் நான்.” தகட்டை ஓரமாகத் தள்ளினார். “‘காலப்போக்கில் இயற்கையாக ஏற்பட்ட சிதைவு’ன்னு எழுதிடலாம். யார் மேலயும் குத்தமில்ல. சவரிமுத்து பேர திரும்ப சேத்துடலாம். மத்த படகுல இருக்கிற தகட்டையெல்லாம் கழட்டச் சொல்லி தனியா ஒரு லெட்டர் போட்டுர்றேன். என்ன சொல்றீங்க?”

அவர் தவறான மனிதரல்லர். அந்த வாசகத்தை எனக்காகவே தேடியெடுத்துக் கொடுத்தார். மறைக்காமல் எழுதுகிறேன்: அதைக் கேட்டபோது எனக்கு உடல் இலேசானது. எல்லாம் சரியாகிவிடும், எவருக்கும் இழப்பில்லை. பட்டறையில் மண்வெட்டிக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தவர் நினைவுக்கு வராதிருந்தால் தலையசைத்திருப்பேன். ஆறே ஆண்டில் தானாகச் சிதைந்த மரம் என்றால், அத்தகைய மரத்தைத் தந்தவர் சவரிமுத்து என்ற பேச்சு அப்படியேதான் இருக்கும். பட்டியலில் பெயர் வரும், பேச்சு போகாது.

“இயற்கையான சிதைவு அளவெடுத்த மாதிரி இருவத்திரெண்டு அங்குலத்துல நிக்குமா, சார்?” என்றேன்.

அவர் தகட்டைத் திரும்பவும் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, “சரி. பென்சில்ல எழுதி வைங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார். விதி அதுதான், அவர் விதியைத்தான் சொன்னார். பென்சிலையும் என் பக்கம் உருட்டினார்.

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பென்சிலால் எழுதினால் மறுநாள் நான் அதை அழித்துவிடுவேன். என்னைப் பற்றி அந்த அளவு எனக்குத் தெரியும். கவிதா கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவே.

எழுதி முடித்ததைப் படித்தார். “‘நான்’னு எழுதியிருக்கீங்க. மேற்பார்வையாளர்னுதான எழுதணும்?”

“அடிச்சது நான்தான, சார்.”

அவர் என் பேனாவையே வாங்கி, அடியில் கையொப்பமிட்டு, அன்றைய நாளையும் எழுதினார்.

அதன்பின் அவர் சொன்னபடியே நடந்தது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. ஓய்வூதியக் கோப்பு ஏழு மாதம் நகரவில்லை. வீட்டில் என் மனைவி அந்த ஏழு மாதமும் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். கலியமூர்த்திக்கும் கேள்வி வந்தது. அதை அவர் என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை. மற்ற நான்கு படகுகளிலும் தகடுகளைக் கழற்றினார்கள். இரண்டில் மரம் நன்றாயிருந்தது. இரண்டில் கையோடு வந்தது. புதிய அலுமினியக் கம்பங்களில் கயிறு உரசும் இடத்தில் ஏதேனும் உறையை அறைந்திருக்கிறார்களா என்று கவிதாவைக் கேட்டிருக்கிறேன். அறைந்திருந்தால் ஒருமுறை கழற்றிப் பார்க்கவேண்டும். அலுமினியம் அழுகாது, ஆனால் உப்புநீர் தங்கினால் அரிக்கும்.

பட்டியலில் பெயர் சேர்ந்த தாளைச் சவரிமுத்துவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வரியையும் படியெடுத்து உடன் வைத்திருந்தேன். இரண்டையும் படித்தார், மடித்தார்.

“இத பங்குச் சாமியாருகிட்ட காட்டலாமா?” என்று மட்டும் கேட்டார்.

“காட்டு. அதுக்குத்தான் குடுத்தேன்.”

பருமல் ஏப்ரலில் முடிந்தது. நாற்பட்டை, எட்டுப் பட்டை, பதினாறு, உருண்டை. ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி நாளுக்கு ஒரு முறையாகப் பூசினார். ஆஞ்சான் கட்டும் இடத்தில் மாட்டுத்தோல் சுற்றி, ஒற்றை வாரால் செருப்புக்குக் கோப்பதுபோல் கோத்துத் தைத்தார். வேலைநாட்களில் போய்ப் பார்த்தேன். தேவையானதைப் பேசினார், ‘சார்’ என்றே பேசினார். கணுவைப் பற்றியோ நரையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. தலை முழுவதும் நரைத்திருந்தது.

வண்டியில் ஏற்றி வெள்ளாற்றுப் படகுத்துறைக்குக் கொண்டுபோனோம். கரையில் இரண்டு கட்டைகள்மேல் பருமலைக் கிடத்தினோம். தங்கராசு படகில் நின்று ஆஞ்சானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் கொட்டாப்புளியை எடுத்து ஒரு முனையிலிருந்து தட்டத் தொடங்கினேன். ஒலி தூய்மையாக இருந்தது. தோலுறை வந்ததும் கை தானாக உயர்ந்து, அதைக் கடந்து, அப்பால் போய் இறங்கியது.

“சார்” என்றார் சவரிமுத்து. “நடுவுல விட்டுட்டீங்க.”

“தோலு இருக்குதே.”

“அவுக்கலாம். அவுக்கத்தான் அப்பிடித் தச்சது.”

அவர் வாரின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தோல் விரிந்தது. எண்ணெய் ஊறிய மரம் வெளிப்பட்டது. மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை விரற்கடைக்கு விரற்கடை தட்டினேன். அவர் குனிந்து காதுகொடுத்துக் கேட்டார். முடிந்ததும் நான் பதிவேட்டை எடுத்தேன்.

“பென்சில்லயா?” என்றார்.

“பென்சில்லதான். நாளைக்கு வந்து மறுபடியும் அவுக்கணும்.”

“நாளைக்கு எனக்குக் கோயில்ல கதவு வேல இருக்குது. நீங்களே அவுத்துக்குங்க, கோக்கத் தெரியும்ல?” என்று சொல்லித் தோலை மீண்டும் சுற்றினார். வாரை மெதுவாகக் கோத்தார். நான் பார்க்கும்படி கோத்தார்.

பருமலை ஆஞ்சானில் பூட்டி மூவரும் படகில் ஏறினோம். தங்கராசுவின் கை உயராது என்பதால் சவரிமுத்து முன்னால் நின்று கயிற்றை இழுத்தார். பருமல் பாயோடு எழுந்தது. பாதி ஏறியதும் காற்று பாயைத் தள்ளியது. கயிறு அவர் கையில் நழுவியது.

“மச்சான், கயித்தப் புடி!” என்று கத்தினார்.

தங்கராசு அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்தேன்.